பொடி நின்றால் ஆள் இறங்குவான்

மயிலாப்பூரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் ராம்கோ சிமெண்ட்ஸின் அலுவலகம். கொஞ்சம் கிழக்கே வந்து தெற்கே திரும்பினால் சாந்தோம் நெடுஞ்சாலையில், இந்தியா சிமெண்ட்ஸ் பல ஆண்டுகள் இயங்கிவந்த கோரமண்டல் டவர்ஸ். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குறுகலான மாடிப்படி ஏறிப் போனால், ஆலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிறு பொறியியல் அலுவலகங்கள். இந்தத் தெருக்களில் சுண்ணாம்புக்கல் கிடையாது, சூளை கிடையாது, புகைபோக்கி கிடையாது. ஆனால் அரியலூரில் எழும்பும் ஒரு சைலோவின் அடிக்கூம்பு எத்தனை சரிவாக இருக்க வேண்டும், அதன் வாய் எத்தனை அகலமாக இருக்க வேண்டும் என்பது இந்த மாதிரி ஒரு மாடி அறையில் முடிவாகிவிடும். அந்த அறைகளில் உட்கார்ந்து, பொடியைச் சேமிக்கும் சைலோவும் அதைக் கீழே இறக்கிவிடும் கூம்புத் தொட்டியான ஹாப்பரும் வரைந்ததுதான் என் பிழைப்பு. சிமெண்ட், சாம்பல், ஜிப்சம், நிலக்கரித் தூள், சர்க்கரை, உப்பு, யூரியா, மாவு என்று கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழியும் எல்லாவற்றுக்கும் வீடு கட்டிக்கொடுக்கும் வேலை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பொடி தானாக இறங்கவில்லை என்றால், அதை இறக்க ஓர் ஆள் இறங்குவான். இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட விபத்துகள், செலவுகள், சண்டைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளம்பியவைதான்.

நான் படித்தது கிண்டியில், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில். 1944-இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் தொடங்கிய கல்லூரி, ஏ.சி. டெக் என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். வேதிப்பொறியியலில் திரவங்கள் குழாயில் ஓடுவதற்கென்று தனிப் பாடம் உண்டு. வாயுக்களுக்கும் உண்டு. பொடிகளோ ‘மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ்’ என்ற பாடத்துக்குள், அரைப்பது சலிப்பது ஆகியவற்றுக்குப் பின்னால், சில வகுப்புகளில் முடிந்துபோகும். தண்ணீரைத் தெரிந்தவனுக்குப் பொடியும் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் மாணவர்கள் வெளியே வருவோம். அந்த எண்ணம்தான் வேலையில் முதலில் உடைய வேண்டியது.

தொட்டியில் தண்ணீர் ஆழமாக ஆக அடித்தளத்தின் அழுத்தம் அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். பொடி அப்படி நடந்துகொள்ளாது. அது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எடையில் பெரும்பங்கைச் சுவரின் உராய்வு தாங்கிக்கொள்ளும். ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் 1895-இல் தானியத்தை வைத்துச் சோதித்து இதைச் சமன்பாடாக எழுதினார். சைலோவின் விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு ஆழம் போய்விட்டால், அதற்குக் கீழே அழுத்தம் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிடும். மணல் கடிகாரம் நேரம் காட்டுவதும் பொடி தண்ணீரைப்போல நடந்துகொள்ளாததால்தான். மேலே மணல் எவ்வளவு இருந்தாலும் கீழே விழும் வேகம் மாறாது. தண்ணீரை ஊற்றி அப்படி ஒரு கடிகாரம் செய்தால், மட்டம் குறையக் குறைய ஓட்டமும் குறைந்துவிடும்.

எடையைச் சுவர் தாங்குகிறது என்றால் அந்தச் சுவருக்கு அதற்கேற்ற பலம் வேண்டும். காங்கிரீட் சைலோக்களுக்கு ஐ.எஸ். 4995, இரும்புக்கு ஐ.எஸ். 9178 என்று நம் நாட்டுத் தரக்குறிப்புகள் 1970-களிலேயே வந்துவிட்டன. ஒரு பக்கமாக வாய் வைத்துப் பொடியை எடுத்தால் அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்து எதிர்ப்பக்கம் அப்படியே நிற்கும். வட்டச் சுவர் கோணிக்கொண்டு உள்ளே மடங்கும். லாரி நிற்க வசதியாக இருக்கிறதே என்று வாயை ஓரத்தில் தள்ளிவைக்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. லாரியைத் திருப்பலாம், மடங்கிய சுவரை நிமிர்த்த முடியாது.

நிற்கும் பொடியின் கணக்கு இது. ஓடும் பொடியின் கணக்கு வர இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின. போலந்தில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஆண்ட்ரூ யெனிகே 1961-இலும் 1964-இலும் வெளியிட்ட இரண்டு ஆய்வறிக்கைகள்தான் இன்றுவரை எங்கள் தொழிலின் அடித்தளம். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. மேலிருந்து அழுந்திய பொடிக்குத் தன்னைத்தானே தாங்கிக்கொள்ள எவ்வளவு பலம் வருகிறது? அந்தப் பலத்தை மீறி உடைத்துக்கொண்டு விழும் அளவுக்கு வாய் அகலமாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும்.

இதைத் தமிழ்நாட்டில் ஒருவருக்கு விளக்க எனக்குச் சமன்பாடு தேவைப்பட்டதில்லை. புட்டுக்கு மாவு பிசிறும்போது வீட்டில் என்ன பதம் சொல்வார்கள்? பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். கையால் அழுத்துகிறோம், அழுத்தியதில் எவ்வளவு பலம் சேர்ந்தது என்று விரலால் உடைத்துப் பார்க்கிறோம். யெனிகேயின் சோதனைக் கருவியும் இதைத்தான் செய்கிறது. ஒரு வளையத்துக்குள் பொடியை வைத்து, தெரிந்த எடையால் அழுத்தி, பிறகு பக்கவாட்டில் தள்ளி, எந்த விசையில் உடைகிறது என்று அளக்கிறது. அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி அளந்தால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டிலிருந்து ஹாப்பர் வாயின் அகலம் வரும். அதே பொடியை ஆலையில் போடப்போகும் தகட்டின்மேல் வைத்துத் தள்ளிப் பார்த்தால் சுவர் உராய்வு தெரியும். அதிலிருந்து கூம்பின் சரிவு வரும். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் ஹாப்பர் வரைவது வெறும் ஊகம்.

ஊகம்தான் பெரும்பாலும் நடக்கிறது. பழைய வரைபடத்தை எடுத்து, கொள்ளளவை மட்டும் மாற்றி, ‘போன தடவை 60 டிகிரி போட்டோம், இதற்கும் போடு’ என்று முடித்துவிடுவார்கள். சதுர ஹாப்பரில் இந்த 60 டிகிரி ஓர் ஏமாற்று. நான்கு பக்கத் தகடும் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி சரிந்திருந்தாலும், இரண்டு தகடுகள் சேரும் மூலை சரிந்திருப்பது 51 டிகிரிதான். தகடு 45 டிகிரி என்றால் மூலை 35 டிகிரிக்கு இறங்கிவிடும். பொடி முதலில் ஒட்டிக்கொள்வது அந்த மூலையில். சரிவு குறைவு, இரண்டு பக்கமும் உராய்வு, போதாததற்கு உள்ளே வெல்டிங் மேடு. இளம் பொறியாளர்கள் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தால், எந்த வரைபடத்தைக் காட்டினாலும் பக்கத்தை விட்டுவிட்டு மூலையின் கோணத்தைத்தான் முதலில் கேட்பேன்.

ஆலைக்குப் போனால் ஆட்கள் எல்லாத் தொல்லைக்கும் ‘ஜாம்’ என்று ஒரே பெயர் வைத்திருப்பார்கள். நான் இரண்டாகப் பிரித்துக் கேட்பேன்: பாலமா, பொந்தா? வாய்க்கு மேலே பொடி வளைவாகக் கட்டிக்கொண்டு, கீழே ஒரு துகளும் விழாமல் நின்றால் பாலம். நடுவில் மட்டும் ஒரு குழாய்போல இறங்கிப் போய், சுற்றிலும் சுவரோடு பொடி அப்படியே நின்றால் பொந்து. வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால் வித்தியாசம் காதில் விழும். வெற்றிடத்துக்கு எதிரே இருக்கும் தகடு கணீரென்று ஒலிக்கும். பொடி அப்பியிருக்கும் தகடு மந்தமாக ஒலிக்கும். பாலத்துக்கு வைத்தியம் வாயின் அகலத்தில். பொந்துக்கு வைத்தியம் சுவரின் சரிவிலும் வழவழப்பிலும். நோய் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரு வைப்ரேட்டரை மாட்டிவிட்டுப் போவது பரவலான பழக்கம். வாய் மூடியிருக்கும்போது வைப்ரேட்டர் ஓடினால் பொடி இன்னும் இறுகும். குலுக்கி அளந்தால் அதே படியில் அதிக அரிசி பிடிக்கும் என்பது அரிசிக்கடையில் நின்ற எவருக்கும் தெரியும். ஆலையில் அது மறந்துபோகிறது.

சிமெண்ட் ஆலைகளில் எனக்கு மிகவும் பாடம் சொன்னது சிமெண்ட்டைவிட ஜிப்சம்தான். சூளையில் 1450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து வரும் கிளிங்கர் உருண்டைகள் ஹாப்பரில் கோலிக்குண்டாக ஓடும். அரைக்கும்போது அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சிமெண்ட்டில் தண்ணீர் பட்டவுடனே இறுகிப்போகும். சுரங்கத்து ஜிப்சம் கல்லாக வரும். உர ஆலைகளிலிருந்து வரும் ஜிப்சமோ ஈரமான, நைந்த பொடி. இரண்டுக்கும் கணக்கில் பெயர் ஒன்று. ஹாப்பருக்குள் நடத்தை வேறு. கல் ஜிப்சத்துக்காக வரைந்த ஹாப்பரில் ஈர ஜிப்சத்தைக் கொட்டினால் அன்றைக்கே பாலம்.

அரியலூர் பக்கம் ஓர் ஆலையில் அப்படி ஒரு ஹாப்பரைப் பார்க்க அழைத்தார்கள். கூம்பின் வெளிப்பக்கம் முழுக்கச் சம்மட்டி அடித்த பள்ளங்கள். எங்கள் தொழிலில் அந்தப் பள்ளங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். எந்த உயரத்தில் நெருக்கமாக இருக்கின்றனவோ அந்த உயரத்தில்தான் பாலம் கட்டுகிறது. எந்த மூலையில் ஆழமாக இருக்கின்றனவோ அந்த மூலையில்தான் பொடி அப்புகிறது. ஆலை நிர்வாகம் எழுதிவைத்த பதிவேட்டைவிட அது நம்பகமான பதிவேடு. துயரம் என்னவென்றால், வெளியே விழும் ஒவ்வொரு பள்ளமும் உள்ளே ஒரு மேடு. அந்த மேட்டில் இன்னும் கொஞ்சம் பொடி தங்கும். அடிக்க அடிக்க ஹாப்பர் மோசமாகும். மோசமாக ஆக இன்னும் அடிக்க வேண்டியிருக்கும்.

அங்கே வேலை பார்த்த மூத்த தொழிலாளி ஒருவரிடம் கேட்டேன்.

“அண்ணே, எப்ப ரொம்பப் புடிக்குது?”

“திங்கக்கெழமையில சார். ஞாயித்துக்கெழமை மில்லு நிக்கும்ல. ஒருநாள் உள்ள கெடந்தா கல்லு மாதிரி ஆயிரும். மழ பேஞ்சா சொல்லவே வேணாம்.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“மேல கிராதியத் தூக்கிட்டு, பலகையப் போட்டு, கடப்பாரையோட எறங்குவோம். வேற என்ன பண்றது சார்?”

இந்தச் சில வரிப் பேச்சில் எனக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. நின்ற நேரம், ஈரம், இறங்கும் ஆள். எங்கள் பாடப்புத்தகம் ‘காலத்தால் இறுகுதல்’ என்று ஒரு அத்தியாயமே எழுதும் விஷயத்தை அவர் கிழமையாகச் சொல்லிவிட்டார். ஆலை ஓடும் நாளில் எடுத்த மாதிரியை வைத்துச் சோதித்தால் அது ஓடுவதாகத்தான் காட்டும். ஒருநாள் முழுக்க அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோதுதான், வாய் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமாக வேண்டும் என்று தெரிந்தது. சதுரக் கூம்பை எடுத்துவிட்டு, நீண்ட பிளவுபோன்ற வாய் வைத்து, முழு நீளத்துக்கும் பொருளை இழுக்கும் பெல்ட் ஃபீடரைப் போட்டு, உட்சுவரில் வழவழப்பான பாலிஎதிலீன் பலகை பதித்தோம். ஃபீடர் வாயின் ஒரு முனையிலிருந்து மட்டும் இழுத்தால் மீதி நீளம் வீண்; ஆகவே பெல்ட் போகும் திசையில் இடைவெளி மெல்ல அகன்றுகொண்டே போகும்படி அமைக்க வேண்டும். திங்கட்கிழமை கடப்பாரை வேலை நின்றது. அந்தத் தொழிலாளி அதன்பிறகு வேறு பிரிவுக்குப் போய்ப் பணி ஓய்வும் பெற்றார்.

எல்லா இடத்திலும் கதை இப்படி முடிவதில்லை. பாலத்தின்மேல் நின்று குத்துகிறவனுக்குக் காலடியில் இருப்பது தரை என்று தோன்றும். அதன் கீழே வெற்றிடம். பாலம் உடையும்போது அவனும் சேர்ந்து இறங்குவான், மேலே பொடி மூடும். பொந்துக்குப் பக்கத்தில் நிற்பவன்மேல் சுவரோடு நின்ற பொடி மொத்தமாகச் சரியும். இடுப்பளவு புதைந்தவனைக் கயிறு கட்டி மேலிருந்து இழுத்தால் வரமாட்டான். பொடியின் பிடி அவ்வளவு. மார்புவரை புதைந்தவனுக்கு ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் பொடி ஒரு படி இறுக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 36-ஆம் பிரிவில், மூடிய அறைக்குள்ளும் தொட்டிக்குள்ளும் ஆளை அனுப்புவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் அனுமதிச் சீட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் கடைசிக் காவல்கள். முதல் காவல், இறங்க வேண்டிய தேவையே வராமல் ஹாப்பரை வரைவது. அது பாதுகாப்பு அதிகாரியின் கையில் இல்லை, மாடி அறையில் கோடு போடுகிறவன் கையில் இருக்கிறது.

சென்னையில் உட்கார்ந்து இந்த வேலை செய்வதில் ஒரு நன்மை உண்டு. இங்கே காற்றே சோதனைக்கூடம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். யூரியாவுக்கு 30 டிகிரி வெப்பத்தில் அந்த எல்லை சுமார் 73 சதவீதம். கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் மயிலாப்பூரில் விடியற்காலைக் காற்று அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஐப்பசி கார்த்திகை மழைநாட்களில் நாள் முழுக்கத் தாண்டும். வாடிக்கையாளர்கள் பிளாஸ்டிக் பையில் மாதிரி அனுப்புவார்கள். தியாகராய நகர் அலுவலகத்தின் ஏ.சி. அறையில் பிரித்துக் கொட்டினால் மணல்போல ஓடும். அதே மாதிரியை ஒரு தட்டில் பரப்பி, மழைக்காலத்தில் கூரைக்கடியில் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் தொட்டால் பாளமாக எழும்பும். ‘உங்கள் பொடி இதுதான், நேற்று பார்த்தது இல்லை’ என்று வாடிக்கையாளர் முன்னால் அந்தப் பாளத்தை உடைத்துக் காட்டியிருக்கிறேன். பத்துப் பக்க அறிக்கை செய்யாத வேலையை அது செய்யும்.

ஈரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. அரைத்த சூட்டோடு சிமெண்ட்டை சைலோவில் அடைத்தால், ஜிப்சத்துக்குள் கட்டுண்ட நீர் சூட்டில் விடுபடும். அந்த நீரைச் சிமெண்ட்டே குடித்து உள்ளேயே கட்டிகளாகிவிடும். மழையே பெய்யாத மாதத்தில் சைலோ கட்டிபிடித்தால், கூரை ஒழுகுகிறதா என்று தேடி அலைவதற்கு முன்பு சிமெண்ட் எந்தச் சூட்டில் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் வெட்டி எடுக்கும்போதே எடையில் கிட்டத்தட்டப் பாதி நீர். அதைக் கையாளுகிறவர்களுக்கு மழைக்காலம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

துகளின் அளவு அடுத்தது. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றிய காபிக்கடைகளில் நின்றால் இது கண்ணுக்குத் தெரியும். வறுத்த கொட்டை அரவை இயந்திரத்தின் தகர வாயில் தானாக இறங்கும். அரைத்த தூளைப் பையில் தள்ள, கடைக்காரர் மூக்குக் குழலைத் தட்டிக்கொண்டே இருப்பார். பொருள் ஒன்றுதான். சுமார் 100 மைக்ரானுக்குக் கீழே போகப் போகத் துகளின் எடையைவிடத் துகளுக்குத் துகள் உள்ள ஈர்ப்பு மேலோங்கும். சிமெண்ட்டின் பெரும்பகுதி 90 மைக்ரான் சல்லடையில் இறங்கிவிடும் அளவு நுண்மையானது. மாவு மில்லில் தீபாவளி நேரத்தில் ஈர அரிசி வரும்போது, மில்காரர் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பார். “ஈரம் ஜாஸ்தியா இருக்கு மாமி, நிழல்ல இன்னும் கொஞ்சம் ஒணத்திட்டுக் கொண்டாங்க” என்று திருப்பி அனுப்புவார். தன் இயந்திரத்துக்குள் எந்தப் பதத்தில் பொருள் இறங்கும் என்று தெரிந்து, அந்தப் பதம் இல்லாததை வாசலிலேயே நிறுத்துகிறார். பல கோடி ரூபாய் ஆலைகளில் இந்த வாசல் சோதனை இல்லாமல் போவதை நான் கண்டிருக்கிறேன்.

நிற்பது ஒரு தொல்லை என்றால், சில பொடிகளுக்கு ஓடுவது தொல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் அப்படி. ஓய்வாகக் கிடந்தால் சுவரோடு நிற்கும். உள்ளே காற்று கலந்துவிட்டால் தண்ணீராகப் பாயும். பொந்தின் சுவர் திடீரென்று இடிந்து விழும்போது காற்றை அள்ளிக்கொண்டு விழும். அடுத்த நொடி கீழே இருக்கும் வாயில் சாம்பல் வெள்ளமாகக் கொட்டும். வெறும் ஸ்லைடு கேட் அதை நிறுத்தாது. ரோட்டரி வால்வு வேண்டும். ஒரே சைலோவில் காலையில் பாலமும் மாலையில் வெள்ளமும் நடந்தால் ஆட்கள் அதைச் சகுனம் என்பார்கள். இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம்.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை வந்தபிறகு, எங்கோ இருந்த சைலோக்கள் எங்கள் தெருக்களுக்கே வந்தன. கலங்கரை விளக்கத்திலிருந்து திருமயிலை, பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லி போகும் தடத்துக்கு நிலத்தடி நிலையங்கள் தோண்ட, பக்கச் சுவர்க் குழி சரியாமல் தாங்க பென்டோனைட் களிமண் பொடியைக் குழம்பாக்கி ஊற்ற வேண்டும். பிறகு சிமெண்ட், பிறகு சாம்பல். நகரத்துக்குள் நிற்கும் எந்தச் சிமெண்ட் சைலோவையும் நான் உச்சியைப் பார்த்துத்தான் எடைபோடுவேன். பல்கர் லாரி, காற்றழுத்தத்தில் சிமெண்ட்டைக் குழாய் வழியாக மேலே ஊதி ஏற்றும். அந்தக் காற்று வெளியேற சைலோவின் தலையில் வடிகட்டி இருக்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, சைலோ நிரம்பியது தெரியாமல் தொடர்ந்து ஊதினாலோ, லாரி காலியாகும் கடைசி நிமிடத்தில் காற்று மொத்தமாகப் பாய்ந்தாலோ, வடிகட்டியே பெயர்ந்து பறக்கும். தெரு முழுக்கச் சிமெண்ட் படியும். சிமெண்ட் ஈரம் பட்டால் கடும் காரம். குழந்தையின் கண்ணில் விழுந்தால் விளையாட்டில்லை. நிரம்பியவுடன் கத்தும் மணியும், தானாக மூடும் வால்வும், மாதம் ஒருமுறை மேலே ஏறி வடிகட்டியைப் பார்க்கும் ஆளும் இருந்தால் இது நடக்காது. அடுக்குமாடிகளுக்கு நடுவே சைலோ நிறுத்துகிறவர்கள் இந்த மூன்றையும் செலவு என்று நினைக்கக் கூடாது.

தீ பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுவது முறையில்லை. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கு வெடித்தது. பதிவான பொடி வெடிப்புகளில் அது மிகப் பழையது. 1878 மே மாதம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் இம்பீரியல் சர்க்கரை ஆலையில் 14 பேர். சர்க்கரை வெடிக்குமா என்று இன்றைக்கும் ஆலை மேலாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எரியக்கூடிய எந்தப் பொருளையும் போதிய அளவு நுண்மையாக்கி, காற்றில் கலந்து, மூடிய இடத்தில் ஒரு பொறி காட்டினால் வெடிக்கும். அரிசி மாவு, மஞ்சள், நிலக்கரி, அலுமினியம், எல்லாமே. அந்தச் சர்க்கரை ஆலையில், சர்க்கரை அசுத்தமாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு ஒரு கன்வேயரைத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். முன்பு காற்றில் கலைந்துகொண்டிருந்த தூசி, மூடிய பெட்டிக்குள் சேர்ந்து வெடிக்கும் அளவை எட்டியது. முதல் வெடிப்பு சிறியது. அது தரையிலும் விட்டத்திலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த தூசியைக் கிளப்பிவிட, அடுத்தடுத்து வெடித்தவைதான் ஆலையைச் சிதைத்தன. பரவலாகப் படியும் தூசி ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே ஆபத்து என்பது எங்கள் தொழிலில் வைத்திருக்கும் எல்லை. ஆலைக்குள் போனால் நான் முதலில் விட்டத்தின் மேல்பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பது அதனால்தான். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்கிறார்கள் என்றால், அதை நிறுத்தச் சொல்வது அடுத்த வேலை. ஊதினால் தூசி போகாது. படிந்திருந்தது காற்றில் ஏறிப் பொறிக்காகக் காத்திருக்கும்.

சேமிப்பு நமக்குப் புதிதில்லை. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து வட்டமான நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. வீடுகளில் மண் குதிர்கள் இருந்தன; அடியில் ஒரு சிறு ஓட்டை, அதற்கு ஓர் அடைப்பு. அதில் ஒரு சிக்கல் உண்டு. அடித்தளம் தட்டையாக இருந்து கீழே சிறிய வாய் வைத்தால், நடுவில் இருக்கும் தானியமும் அதைத் தொடர்ந்து மேல்மட்டத்துத் தானியமும்தான் முதலில் வரும். சுவரோரத்துப் பழைய தானியம் கடைசிவரை தங்கிப் பூச்சி பிடிக்கும். அதனால்தான் குதிர் முழுவதையும் காலிசெய்து, உலர்த்தி, மெழுகிய பிறகே புது நெல்லைக் கொட்டினார்கள். இன்றைய சைலோவுக்கும் அதே விதி. புகுந்தது முதலில் வெளியேற வேண்டுமானால் சுவரோரமும் சேர்ந்து நகர வேண்டும். அதற்குச் செங்குத்தான, வழவழப்பான கூம்பு வேண்டும். கூம்பு செங்குத்தானால் உயரம் கூடும், இரும்பு கூடும், விலை கூடும். விலை பேசும் மேசையில் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, சென்னையைத் தலைமையிடமாகவும் தஞ்சாவூரை முதல் மாவட்ட அலுவலகமாகவும் கொண்டு தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை நம் தானியத்தில் பெரும்பங்கு மூட்டையில்தான் போகிறது. மூட்டையில் பாலம் இல்லை, பொந்து இல்லை. ஆனால் ஒவ்வொரு 50 கிலோவும் ஒரு மனிதனின் முதுகில் ஏறி இறங்குகிறது. அந்த முதுகுகளை விடுவிக்க சைலோ வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வரும் சைலோ, மூட்டை சுமந்தவனின் கையில் கடப்பாரையைக் கொடுத்து உள்ளே இறக்கிவிடக் கூடாது என்பதில் அதைவிட உறுதியாக இருக்கிறேன்.

ஆகவே இந்த நகரத்தில் படிக்கும், வரையும் பிள்ளைகளிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொடியின் பெயரைக் கேட்டு வரையாதீர்கள். அதன் ஈரம், நுண்மை, எத்தனை மணி நேரம் நிற்கும், எந்தச் சூட்டில் வரும் என்று கேளுங்கள். மிக மோசமான நாளில் அது எப்படி இருக்குமோ அந்த மாதிரியை வாங்கிச் சோதியுங்கள். சோதனைக்கு ஆகும் செலவு, ஆலை ஒரு ஷிஃப்ட் நின்றால் ஆகும் நட்டத்தின் முன் மிகச் சிறியது. விலை மேசையில் கூம்பின் சரிவைக் குறைக்கச் சொன்னால், குறைக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் யார் இறங்கிக் குத்துவார் என்று திருப்பிக் கேளுங்கள். பழைய ஹாப்பரை மாற்றச் சொல்லி அழைத்தால், அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் சம்மட்டி பிடிக்கிறவரிடம் போங்கள். எந்தக் கிழமை, எந்த மூலை, எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, அதற்கு அளவும் கோணமும் கண்டுபிடிப்பதுதான் நம் படிப்புக்கு வேலை.